சவரிமுத்துவின் இரகசிய ஒறுத்தல்

என் வீட்டுக்காரர் சவரிமுத்துவை யாராவது "எவ்வளவு நல்ல மனுஷன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவர்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை. மராட்டி பேசும் ஊரான கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் மரப்பெட்டி அடிக்கும் பிரிவில் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும், கேட்காமலே போய் நிற்பவர். ஆனால் இப்படிப்பட்ட நல்லவரோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவரைத் திட்டினால் கேட்டவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

எல்லாவற்றிலும் மோசம் தவக்காலம். விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் எங்கள் கோவில் ஜனங்கள் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் சாராயத்தை விடுவார், ஒருத்தி டிவி சீரியலை விடுவாள். ஒறுத்தல் என்று பெயர். எதை விட்டோம், என்ன வேண்டுதலுக்காக விட்டோம் என்று வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் பலன் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மற்றவர்களும் சொல்லாமல்தான் விடுகிறார்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை. இவருடைய இரகசியத்தில் மட்டும் வீடே மாட்டிக்கொண்டு முழிக்கும்.

ஒரு வருஷம் மின்விசிறியை விட்டார். மார்ச் மாதப் புழுக்கத்தில் நானும் மகள் ஜான்சியும் விசிறியைப் போட, இவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கேட்டால், "அங்க நல்லா தூக்கம் வருது மேரி" என்றார். இன்னொரு வருஷம் நாற்காலியை விட்டார். என் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்திருக்கும்போது, இரண்டு நாற்காலி காலியாகக் கிடக்க, இவர் சுவரில் சாய்ந்து நின்றபடியே ஒரு மணி நேரம் பேசினார். புருஷனை உட்காரக்கூட விடாத பொம்பளை என்று அந்த அம்மாள் நினைத்திருப்பார். நான் கட்கியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எனக்கு என்று கொஞ்சம் மரியாதை இருக்கிறது, இல்லையா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூற்றுநாலாம் வருஷம் இவருக்கு மூட்டுவலி வந்தது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. சுத்தியல் பிடிக்கிற கை, சட்டைப் பொத்தானைப் போடத் திணறும். தொழிற்சாலை டாக்டர் பார்த்துவிட்டு, இது சும்மா வலி இல்லை, மூட்டுக்கென்று இருக்கும் பெரிய டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இவர் சட்டைப் பையிலேயே இருந்து, ஒருநாள் துவைத்ததில் கூழாகிப்போனது. அதற்குள் இவரோடு வேலை செய்யும் கோவிந்தராஜ், பக்கத்து ஊர் டபோடியில் ஒரு வைத்தியர் இருக்கிறார், ஒரே வாரத்தில் ஆளை ஓடவைப்பார் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வைத்தியர் காகிதத்தில் மடித்துப் பொடி கொடுத்தார். பொட்டலத்துக்கு மராட்டியில் புடி என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதற்கு அதுவே பெயராகிவிட்டது. தினம் காலையில் ஒரு புடி, வெந்நீரில். என்ன கலந்திருக்கிறது என்று நான் நேரில் போய்க் கேட்டேன். "ஜடி பூட்டி, ஜடி பூட்டி" என்று கையை மேலே காட்டினார். மூலிகையாம். எந்த மூலிகை என்றதற்கு, குரு சொல்லக்கூடாது என்றிருக்கிறாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் என்ன செய்ய, மூன்றாம் நாளே இவர் ஏணியில் ஏறி, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்டிவிட்டு இறங்கினார். வலி போன இடம் தெரியவில்லை.

அதோடு பசி வந்தது. மூன்று ஆள் சாப்பாட்டை ஒரு ஆளாகச் சாப்பிட்டார். முகம் வட்டமாகி, கன்னம் உப்பி, பிடரியில் சதை திரண்டது. கையும் காலும் மட்டும் குச்சி. எங்காவது இலேசாக இடித்தாலும் தோல் ஊதாவாகக் கன்றிப்போகும். பார்த்தவர்கள் எல்லாம், "மேரி டீச்சர் கைப்பக்குவம், ஆளைப் பாருங்க, ஜம்முனு ஆயிட்டாரு" என்றார்கள். ஒருத்தருக்காவது அது என்ன ஜம் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் கேட்டேன். இவர், "உனக்கு நான் நல்லா இருந்தாலும் கோவம், நல்லா இல்லேன்னாலும் கோவம்" என்றார்.

பெரிய வெள்ளியன்று எங்கள் கோவிலில் சிலுவைப்பாதை உண்டு. மரச்சிலுவையைத் தோளில் சுமந்து, குவார்ட்டர்ஸ் தெருக்கள் வழியாக, பதினாலு இடங்களில் நின்று, கடவுள் பாடுபட்ட கதையைச் சொல்லி ஜெபிப்போம். மற்ற ஆண்கள் மாற்றி மாற்றிச் சுமப்பார்கள். இவர் புடி சாப்பிடத் தொடங்கிய பிறகு தோள் மாற்றாமல் முதலிலிருந்து கடைசிவரை தனியாகவே சுமந்தார். ஆறு வருஷம் இப்படி நடந்தது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத் தவக்காலத்தில் இவர் எதை விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. விசிறி ஓடியது, நாற்காலியில் உட்கார்ந்தார், காப்பியில் சர்க்கரை இருந்தது. பரவாயில்லை, மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். படிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அவர் விட்டது புடியை. ஆறு வருஷம் ஒருநாள் விடாமல் சாப்பிட்டதை, விபூதிப் புதன் காலையில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியக்கூடாதே, அதற்காகத் தினமும் ஒரு புடியைப் பிரித்து, பொடியைப் பால்கனியில் ரோஜாத் தொட்டியில் கொட்டிவிட்டு, காலிக் காகிதத்தை வழக்கம்போல மேஜைமேல் வைத்துவிடுவார். நானும் தினமும் அந்தக் காகிதத்தை எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வாரம் வலி திரும்பிவந்தது. அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை. மறைக்க முடியாதவை மற்றவை. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்தார். வட்ட முகம் வற்றியது. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவார். டாக்டரிடம் போகலாம் என்று நான் கத்தாத நாள் இல்லை. "ஒருசந்தி இருக்கேன் மேரி, அதான் அசதி" என்பார். எங்கள் கோவிலில் நோன்பை ஒருசந்தி என்போம். கோவில் ஜனங்களுக்கோ இவரைப் பார்த்துப் பரவசம். "முகத்துல இன்னா ஒரு களை வந்துட்ச்சு பாருங்க, அர்ச்சிஷ்டவர் மாதிரி" என்று எங்கள் வரிசையில் இருக்கும் பவுன் அக்கா என்னிடமே வந்து சொன்னாள். களையாம், புனிதராம். எலும்பு தெரிகிறது, அதைப் போய்க் களை என்கிறாள்.

பெரிய வெள்ளி காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். போகவேண்டாம் என்று கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "இன்னிக்கு ஒருநாள் மேரி, அப்புறம் நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன்" என்று என் கையை விலக்கிவிட்டுப் போய்ச் சிலுவையைத் தூக்கினார்.

பதினாலு இடங்களில் ஒன்பதாவது, ஆண்டவர் மூன்றாம் முறையாகக் கீழே விழுந்ததை நினைக்கும் இடம். ரேஷன் கடை முனையில் அது. வாசிப்பவர் அந்த வரியை வாசித்தார், இவர் சிலுவையோடு சடாரென்று கீழே விழுந்தார். ஜனங்கள் அப்படியே உருகிப்போனார்கள். எல்லோரும் முழங்காலில் விழுந்து, கண்ணை மூடி, முன்னைவிடச் சத்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்டவராகவே நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்தார்களாம். ஒருத்தர்கூட எழுந்து பார்க்கவில்லை. நான் கூட்டத்தை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், கண் மேலே செருகி, உடம்பு ஈரத்துணி மாதிரி சில்லென்று கிடக்கிறார். "பாட்டை நிறுத்துங்கடா" என்று நான் போட்ட சத்தத்தில்தான் கோவிந்தராஜ் ஓடிவந்து சிலுவையைத் தூக்கினார். பெரிய வெள்ளியில் பாட்டை நிறுத்தச் சொன்ன டீச்சர் என்று எனக்கு இன்றைக்கும் பேர் இருக்கிறது.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டர் வைஷாலி என்று ஒரு சின்ன வயதுப் பெண். மராட்டிக்காரி. என்னிடம் ஹிந்தியில் பேசினாள். இரத்த அழுத்தம் எழுபதைத் தாண்டவில்லை. சர்க்கரையும் கீழே கிடந்தது. சலைன் பாட்டில் ஒன்று இறங்கி முடிந்து இரண்டாவது மாட்டினார்கள், அழுத்தம் ஏறவில்லை. இதயத்தைப் பார்த்தார்கள், அதில் கோளாறு இல்லை. வெயிலா, வயிற்றுக் கிருமியா, இரத்தத்தில் விஷமேறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்றாள்.

நான் புடியைப் பற்றிச் சொன்னேன். ஜான்சியை வீட்டுக்கு அனுப்பி ஒரு பொட்டலம் எடுத்துவரச் செய்தேன். டாக்டர் அதைப் பிரித்துப் பார்த்தாள். இப்படிப்பட்ட பொடிகளில் பலபேர் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்துவிடுகிறார்கள் என்றாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "இதை இவர் சமீபத்தில் நிறுத்தினாரா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தியிருந்தால் இவருக்கு வந்திருப்பது வேறு, செய்யவேண்டியதும் வேறு."

"நிறுத்தவே இல்லை. இன்று காலையில்கூடச் சாப்பிட்டார்" என்று அடித்துச் சொன்னேன். காகிதத்தை நான்தானே குப்பையில் போட்டேன்.

அவள் குழம்பிப்போனாள். தினமும் ஸ்டீராய்டு உள்ளே போகிற ஆளுக்கு, உடம்பில் கிருமியும் இருக்கலாம் என்கிற நிலையில், அதையே மேலும் ஏற்ற அவளுக்குத் தயக்கம். பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் வரும்வரை காத்திருக்கச் சொன்னாராம். இவர் கட்டிலுக்குப் போய், குனிந்து, இவரிடமே கேட்டாள். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி இவருக்குப் புரிந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் கேள்வியைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பொய் சொன்னால் பாவம், உண்மையைச் சொன்னால் ஒறுத்தல் போச்சு, ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. செத்தாலும் சாகலாம், பலன் போகக்கூடாது. இந்த மாதிரி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

மத்தியானத்துக்கு மேல் உதடு வெளுத்துவிட்டது. ஜான்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மம்மி, ஃபாதரை புலாவோ" என்றாள், சாமியாரைக் கூப்பிடச் சொல்கிறாள். அவளுக்கு அழுகை வந்தால் தமிழ் மறந்துவிடும். எனக்கும் அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை கோபத்தில் இருந்தேன், கோபம் இருக்கும்வரை தெம்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு எங்கள் கோவிலுக்கு வரும் ஞானராஜ் சாமியார் ஓடிவந்தார். குருப்பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை. சாகக்கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைபூசுதலுக்காக எண்ணெய்ச் சிமிழோடு வந்திருந்தார். வராந்தாவில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் புடியைப் பற்றிக் கேட்டதையும், நிறுத்தவில்லை என்று நான் சொன்னதையும் சேர்த்துத்தான். முதலில் பாவசங்கீர்த்தனம் கேட்கவேண்டும், அவர் தன் பாவங்களைச் சொல்லட்டும், எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாமியார் காதை இவர் வாயருகே வைத்துக் குனிந்திருந்தார். திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். இவர் தலையை இல்லை இல்லை என்று ஆட்டுகிறார். சாமியார் விரலை நீட்டிக் கண்டிப்பாக ஏதோ சொல்கிறார். சாகக்கிடக்கிறவரிடம் போய் என்ன சண்டை என்று எனக்குப் புரியவில்லை. பிறகு எண்ணெய் பூசிவிட்டு வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன சாமி சொன்னாரு?" என்றேன்.

"பாவசங்கீர்த்தனத்தப்பத்தி என்கிட்ட கேக்காதீங்கம்மா" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அங்கே கேட்டதை வெளியே ஒரு வார்த்தை சொன்னாலும் அவருடைய குருத்துவமே போய்விடும். அந்தப் பிள்ளை செபமாலையை உருட்டிய வேகத்தைப் பார்த்தால் கயிறு அறுந்துவிடும் போலிருந்தது. கோவிலில் மூன்று மணி வழிபாட்டுக்கு ஜனங்கள் காத்திருப்பார்கள். ஆனாலும் அவர் இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, உங்கள் வீட்டுக்காரர் கூப்பிடுகிறார் என்றாள்.

உள்ளே போனேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "மேரி, கோச்சிக்காத."

"கோச்சிக்கலை. சொல்லுங்க."

"சாமியார் பாவத்துக்கு அபராதம் குடுத்துட்டாரு. எப்பவும் மூணு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்வாரு, அவ்ளோதான்னு பாத்தேன். இந்த வாட்டி, உன்கிட்ட சொன்னாதான் மன்னிப்புன்றாரு."

"என்னத்த?"

"விபூதிப் புதன்லேர்ந்து புடி திங்கலை நானு."

"காகிதம் இருந்திச்சே."

"ரோஜாத் தொட்டியில கொட்டிட்டேன்."

கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று சொன்னேனே, அதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஜான்சி பிற்பாடு சொன்னாள். கத்திக்கொண்டேதான் டாக்டரிடம் ஓடினேன். வைஷாலி நான் சொல்லி முடிக்கும்வரை நிற்கவில்லை. பாதியிலேயே ஊசிமருந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்த்தேன். சாமியார் பெஞ்சில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். என் கத்தல் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி எழுந்து, "நான் கிளம்பறேம்மா, நேரமாச்சு" என்று ஏறக்குறைய ஓடினார்.

அந்த ஊசி போட்டபிறகு ஆள் கண் முன்னாலேயே திரும்பிவந்தார். அழுத்தம் எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. சாயங்காலம் கண்ணைத் திறந்து தெளிவாகப் பார்த்தார். நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தாள். இவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பெரிய வெள்ளியாம், ஒருசந்தியாம். நான் அந்தக் கிண்ணத்தை வாங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பேசாமல் வாயைத் திறந்தார்.

மறுநாள் வைஷாலி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கினாள். சிறுநீரகம் இரண்டின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஊறும் சுரப்புதான் நமக்கு இரத்த அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்கிறது, பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்கிறது, காய்ச்சலோ அடியோ வந்தால் தாங்கவைக்கிறது. எவ்வளவு ஊறவேண்டும் என்பதை அது தானாக முடிவு செய்வதில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவு இன்னொரு சுரப்பி இருந்துகொண்டு, இரத்தத்தில் குறைந்தால் இன்னும் கொடு என்று ஆள் அனுப்பும், நிறைந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளும். இப்படி ஏறாமலும் இறங்காமலும் நாள் முழுக்க நடக்கிறது. புடியில் இருந்தது அதே வேலையைச் செய்கிற சரக்கு. ஆறு வருஷம் அது வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருக்க, மூளை பார்த்தது, இங்கேதான் நிறைய இருக்கிறதே என்று கேட்பதையே விட்டுவிட்டது. கேட்பார் இல்லாமல் கிடந்த சுரப்பி சுருங்கிப்போனது. இவர் புடியை நிறுத்திய அன்று உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மெதுவாக, மாதக்கணக்கில் குறைத்திருந்தால் அது தூங்கி எழுந்திருக்கும் என்றாள்.

படுத்திருந்தவர் இதை எனக்கு முன்னால் புரிந்துகொண்டார். "ஸ்டோர்ல சரக்கு நெரம்பியிருந்தா எங்க செக்ஷனுக்கு இண்டென்ட் வராது மேரி, பொட்டி வேணும்னு சீட்டே வராது. இண்டென்ட் வரலேன்னா மெஷினுக்குத் துருதான்" என்றார். டாக்டர் அதைக் கேட்டு மெய்மறந்துவிட்டாள். பிறகு வருகிற நோயாளிகளுக்கெல்லாம் இதைச் சொல்லப் போவதாகச் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. துருப்பிடிக்கவைத்த ஆளுக்குப் பாராட்டு.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நான் பட்ட பாடு. காலையில் ஒரு மாத்திரை, அதை மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கு இரண்டு மடங்காகக் கொடுக்கவேண்டும், ஏனென்றால் ஆரோக்கியமான உடம்பாக இருந்தால் அந்த நேரத்தில் தானே கூட்டிக்கொள்ளும், இவருடையதற்கு இன்னும் அந்தத் தெம்பு வரவில்லை. மூட்டுக்கு வேறு டாக்டர், வேறு மருந்து. இவர் பாதிநாள், "நேத்திக்குப் பரவால்ல, இன்னிக்கு அரை போதுமே" என்பார். நான் தண்ணீர் டம்ளரோடு எதிரே நின்று, விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். தெருவில் இறங்கினால், "ஏன் டீச்சர், அண்ணன் இப்படி எளைச்சுட்டாரு, சோறு போடறதில்லையா" என்று கேட்கிறார்கள். வியாதியில் ஊதியிருந்தபோது என் கைப்பக்குவம், குணமாகி இறங்கும்போது என் கஞ்சத்தனம்.

என்ன வேண்டுதலுக்காக இதைச் செய்தீர்கள் என்று அந்த வருஷம் முழுக்கக் கேட்டேன். ஜான்சி படிப்புக்காக என்று நான் நினைத்தேன். இல்லாவிட்டால், மருந்தின் பலம் இல்லாமல் தன் சொந்த பலத்தில் சிலுவையைத் தூக்கவேண்டும் என்ற வீம்பு. எதைக் கேட்டாலும், "சொல்லக்கூடாது மேரி" என்பதோடு சரி.

இரண்டாயிரத்து இரண்டு ஆகஸ்டில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, இரத்தப் பரிசோதனை முடிவை வைஷாலி பார்த்தாள். உங்கள் சுரப்பி விழித்துவிட்டது, தானே சுரக்கிறது, நாளையிலிருந்து மாத்திரை வேண்டாம் என்றாள்.  நான் குனிந்து குடை எங்கே என்று தேடினேன். அவள் என்னைப் பார்த்து, "நீங்கள் எப்போதும் படபடவென்றே இருக்கிறீர்கள், உட்காருங்கள், உங்களுக்கும் பார்த்துவிடலாம்" என்று என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். நூற்றெழுபது.

"இன்னும் எறங்கலையா?" என்றார் இவர். டாக்டரிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"இன்னும்னா? உங்களுக்கெப்படித் தெரியும், எனக்குப் பிரஷர் இருக்குன்னு?"

முழித்தார். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார். இவர் புடியை விட்ட வருஷம் ஜனவரியில், பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு அழுத்தம் அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பவுன் அக்காவின் மகளும் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்தான், அவள் இவரிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் கேட்டால் கத்துவேன், கத்தினால் அழுத்தம் இன்னும் ஏறும் என்று இவருக்குப் பயம். "உன்கிட்ட சொல்லி ஒண்ணும் நடக்காது. அதான் ஆண்டவர்கிட்ட கேட்டேன், மேரிக்கு பிரஷர் எறங்கணும்னு. பெருசா கேக்கறமே, பெருசா எதாச்சும் விடணும்னுதான்."

வைஷாலிக்குத் தமிழ் தெரியாது. என்ன, என்ன என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு நான் என்னவென்று ஹிந்தியில் சொல்வது. ஆண்டவர் வேண்டுதலைக் கேட்கத்தான் செய்திருக்கிறார். பிரஷரை இறக்கவும் இறக்கினார். ஆளைத்தான் மாற்றிவிட்டார்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வார்த்தையும் வரவில்லை. என் பிரஷருக்காக இந்த மனுஷன் தன் உயிரைக் கொண்டுபோய் ரோஜாத் தொட்டியில் கொட்டியிருக்கிறார், அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போயிருப்பேன். போட்டிருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, டாக்டர் முன்னாலேயே அழுதேன். இவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, "கோச்சிக்காத மேரி, ஏறிடப் போவுது" என்றார். வைஷாலி பட்டையை அவிழ்க்காமல் காத்திருந்து மறுபடியும் காற்றடித்தாள். நூற்றெழுபத்தெட்டு. அன்றைக்கே எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். இப்போது தினமும் காலையில் இவர் தண்ணீர் டம்ளரோடு என் எதிரே நின்று, விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்.